கவுண்டர் மூடாமல் மென்பொருள் மாற்றிய கதை

"ராத்திரி பன்னிரண்டுக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்க, அப்போ போட்டுடலாம்" என்பது ஐ.டி. கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம். சென்னையில் உட்கார்ந்து சொல்பவர்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். குமரி மாவட்டத்தில் அப்படி ஒரு நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

நாகர்கோவிலில் இருந்து நாங்கள் பார்த்துக்கொள்ளும் மென்பொருள், ஒரு மருத்துவமனைக்கும் அதன் மருந்துக்கடைக் கிளைகளுக்கும் பில், ஸ்டாக், கொள்முதல் மூன்றையும் நடத்துகிறது. தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரம் என்று கிளைகள். அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய கவுண்டர் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஊரும் விடியும்வரை தூங்குகிற ஊர் அல்ல. தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள், ரப்பர் வெட்டப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். மூன்று மணிக்குக் கையில் வெட்டுக்காயத்தோடு வருபவரிடம் "சர்வர் அப்டேட் ஆகுது, ஒரு மணி நேரம் இருங்க" என்று சொல்ல முடியாது.

அதனால் நிறுத்தாமல் மாற்றப் பழக வேண்டியதாயிற்று. பழகியபின் தெரிந்தது ஒன்றுதான்: பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் அந்த நொடி பெரிய விஷயமே இல்லை. பழையதும் புதியதும் சில வாரங்கள் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்க வேண்டும். மாற்றத்தை அதற்கேற்ப வடிவமைத்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை வேலை.

எங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலில் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. அதற்குப் பிறகுதான் இணையம் இல்லாவிட்டாலும் கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே பில் போட்டு, இணைப்பு வந்ததும் சர்வருக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்தோம். நல்ல வசதிதான். ஆனால் அதனுடைய பின்விளைவைப் பாருங்கள். சர்வரில் புதிய வெர்ஷன் ஏற இரண்டு நிமிடம். மலையடிவாரக் கிளையில் மழைக்கு நெட் போயிருந்தால், அங்கே பழைய வெர்ஷன் இரண்டு மூன்று நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பில்கள் எல்லாம் ஒருநாள் மொத்தமாக வந்து சர்வர் வாசலில் நிற்கும், பழைய பாஷை பேசிக்கொண்டு.

நாங்கள் செய்த மாற்றங்களில் அதிகம் கற்றுக்கொடுத்தது மாத்திரை எண்ணிக்கை மாற்றம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மென்பொருள் ஸ்டாக்கை அட்டைக் கணக்கில் வைத்திருந்தது. ஒரு அட்டை என்றால் 1. ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் முழு அட்டை வாங்குகிறார்கள்? "நாலு மாத்திர மட்டும் வெட்டித் தாங்க" என்பதுதான் பாதிக் கவுண்டர் பேச்சு. பாராசிட்டமால் 650 பெரும்பாலும் 15 மாத்திரை கொண்ட அட்டையில் வரும். அதில் நான்கை வெட்டினால் 0.2666... அட்டை. மென்பொருள் இரண்டு தசமத்தோடு நிறுத்தி 0.27 என்று எழுதிக்கொள்ளும். மூன்று பேர் நான்கு நான்காக வாங்கினால் 0.81. கடைசி மூன்று மாத்திரை 0.20. மொத்தம் 1.01. ஒரு அட்டையில் இருந்து 1.01 அட்டை விற்க முடியாதே! கடைசி ஆளுக்குப் பில் போடும்போது "ஸ்டாக் இல்லை" என்று திரை மறுத்துவிடும்.

தக்கலைக் கிளையின் பார்மசிஸ்ட் அக்கா ஒருநாள் போனில் கேட்டார்: "ஏ மக்கா, மூணு மாத்திர என் கையில இருக்கு. உன் கம்ப்யூட்டர் இல்லங்குது. நான் எத நம்ப?"

சரி, ஸ்டாக்கை அட்டையில் வைக்காமல் மாத்திரையில், முழு எண்ணாக வைப்பது என்று முடிவானது. சொல்ல ஒரு வரி. ஆனால் அந்த ஃபீல்டை (டேட்டாபேஸ் டேபிளில் அந்த எண் இருக்கும் பத்தி) பில் படிக்கிறது, கொள்முதல் படிக்கிறது, காலாவதி ரிப்போர்ட் படிக்கிறது, வார்டில் இருந்து நர்ஸ் போடும் இண்டெண்ட், அதாவது மருந்து கேட்புச் சீட்டு, படிக்கிறது. ஒரே ராத்திரியில் 0.27-ஐ 4 ஆக்கினால், பழைய வெர்ஷன் ஓடும் கிளை அந்த 4-ஐ நான்கு அட்டை என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பழைய ஃபீல்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கைக்கென்று புதிதாக ஒரு ஃபீல்டு, காலியாக. யாரும் அதைப் படிக்கவில்லை, யாரும் அதில் எழுதவில்லை. முதல் டெப்ளாய், அதாவது சர்வரில் ஏற்றிய முதல் மாற்றம், அவ்வளவுதான். அடுத்த டெப்ளாயில், ஒவ்வொரு பில்லும் இரண்டிலும் எழுதும். படிப்பது மட்டும் பழையதில் இருந்து. பழைய கவுண்டரில் இருந்து தாமதமாக வரும் பில்லை சர்வர் வாசலிலேயே மாத்திரையாக மாற்றி உள்ளே விடுவோம். 0.27-ஐப் பதினைந்தால் பெருக்கினால் 4.05, அருகிலுள்ள முழு எண் 4. ஒரு பில் வரியில் வரும் பிழை மிகச் சின்னது என்பதால் இந்த மாற்றம் தவறாது. ஆனால் மாதக்கணக்கில் இந்தச் சின்னப் பிழைகள் சேர்ந்த மொத்த இருப்பை இப்படிப் பெருக்கி எடுக்க முடியாது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபீல்டு சேர்ப்பது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் லாக் விஷயத்தை (ஒரு கட்டளை முடியும்வரை மற்றவற்றை நிறுத்திவைக்கும் பூட்டு) ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நாங்கள் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். 11ஆம் பதிப்புக்கு முன்னால் புதிய ஃபீல்டுக்கு ஒரு இயல்பு மதிப்பு கொடுத்தால் முழு டேபிளையும் திருப்பி எழுதும்; 11இல் இருந்து நிலையான மதிப்பாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் முடியும். ஆனால் அந்தக் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு டேபிள் முழுக்க லாக் வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கவுண்ட்ஸில் யாராவது ஒரு வருட விற்பனை ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தால், நம் கட்டளை அதற்குப் பின்னால் காத்து நிற்கும். நம் கட்டளைக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பில்லும் நமக்காகக் காத்து நிற்கும். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒரு லாரி திரும்ப இடம் பார்த்து நிற்கும்போது பின்னால் என்ன ஆகுமோ அதுதான். ரிப்போர்ட் எடுத்தவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. எல்லாக் கவுண்டரிலும் திரை சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து எளிது. கட்டளைக்கு முன்னால் லாக் டைம்அவுட் இரண்டு மூன்று விநாடி வைத்துவிட வேண்டும். அதற்குள் லாக் கிடைக்காவிட்டால் கட்டளை தோற்று விலகிவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' சேர்த்துப் போட வேண்டும்; நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பில் நிற்காது. பாதியில் அது தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சம் கிடக்கும், அதை நீக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் பெரிய டேபிள்களுக்கு கிட்ஹப் வெளியிட்ட கோஸ்ட் கருவியையோ பெர்கோனாவின் கருவியையோ பார்க்கலாம். நகல் டேபிள் கட்டி, பின்னணியில் நிரப்பி, கடைசியில் பெயரை மாற்றி வைக்கும் முறை.

பழைய வரிகளுக்கு மாத்திரை எண்ணிக்கையை நிரப்புவதை ஒரே கட்டளையில் செய்யவில்லை. ஆயிரம் ஆயிரம் வரியாக, நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்து ஓடவிட்டோம். டேட்டாபேஸ் சூடானால் தானே நின்று பிறகு தொடரும்படி எழுதியிருந்தோம். எங்கே விட்டதென்று தானே குறித்துக்கொள்ளும் என்பதால், நடுவில் நிறுத்த யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம்தான் உண்மையான வேலை. இரண்டு ஃபீல்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் பட்டியலிடும் சின்ன நிரல் ஒன்று தினமும் ஓடியது. முதல் பட்டியலைப் பார்த்துத் தலை சுற்றியது. தசமப் பிழை கொஞ்சம்தான். பெரும்பகுதி வேறு காரணம்: ஒரே மருந்து ஒரு பேட்சில் (ஒரே முறை தயாரான தொகுதியில்) 10 மாத்திரை அட்டையாகவும் அடுத்த பேட்சில் 15 மாத்திரை அட்டையாகவும் வந்திருந்தது. எங்கள் டேபிளில் அட்டைக்கு எத்தனை மாத்திரை என்பது மருந்துக்கு ஒன்றுதான் இருந்தது, பேட்சுக்கு இல்லை. பல வருடங்களாக இது இப்படியே இருந்திருக்கிறது, கணக்கு உதைக்கும்போதெல்லாம் கவுண்டரில் "ஸ்டாக் சரிபார்ப்பு" என்று ஒரு பதிவு போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் மாற்றியிருந்தால் இது அத்தனையும் மறுநாள் காலை, ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில், கவுண்டரில் வெடித்திருக்கும். பழையது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் மேஜையில் ஒரு பட்டியலாக மட்டும் வந்து நின்றது. பேட்ச் வாரியாக அட்டை அளவைச் சேர்த்தோம். அதுவும் அதே முறையில்தான், காலி ஃபீல்டில் தொடங்கி.

மொத்த இருப்புக்குக் கணக்கு உதவாது என்று முன்பே சொன்னேனே, அதற்குக் கைதான் வழி. வித்தியாசம் வந்த மருந்துகளை மட்டும் கிளை கிளையாகப் பிரித்து அனுப்பினோம். மதியம் கூட்டம் குறையும்போது எண்ணி எழுதினார்கள். இந்த இடத்தில் ஐ.டி. ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணித் தரச் சொல்லிக் கேட்கும்போது நீங்களும் ஒரு கிளைக்கு நேரில் போங்கள். வெட்டின அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், திரையில் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

ஒப்பீட்டுப் பட்டியல் தொடர்ந்து காலியாக வர ஆரம்பித்தபின், படிப்பதைப் புதிய ஃபீல்டுக்குத் திருப்பினோம். எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் அல்ல. ஒவ்வொரு கிளைக்கும் தனி சுவிட்ச். ஃபீச்சர் ஃபிளாக் என்று சொல்வதுதான். முதல் கிளை தக்கலை. நெருக்கமான ஆள் இருக்கும் கிளையை முதலில் எடுப்பது பலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேண்டியவர்கள் சின்னத் தொல்லையைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வார்கள். புகார் சொல்லத் தயங்காத ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் தொடங்க வேண்டும். அக்கா முதல் நாளே மூன்று குறை சொன்னார், அதில் இரண்டு நியாயமானவை.

கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பதன் அருமை 2024 ஜூலை 19இல் உலகத்துக்கே தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பழுது யாருக்கும் வரும். அது படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் சேர்ந்து போனதுதான் அன்றைய கதை.

புதியதில் இருந்து படிக்க ஆரம்பித்த பிறகும் பழைய ஃபீல்டில் எழுதுவதை விடவில்லை. தவறு வந்தால் சுவிட்சைத் திருப்பினால் போதும், பழைய கணக்கு அப்படியே இருக்கும். நிரலை ரோல்பேக் செய்வது, அதாவது பழையபடி திருப்புவது, எல்லோருக்கும் தெரியும். டேட்டாவை ரோல்பேக் செய்ய நினைக்கும்போதுதான் நடுவில் விழுந்த நூற்றுக்கணக்கான பில்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். எனவே திரும்ப முடியாத ஒரே படி பழைய ஃபீல்டை நீக்குவது. அதை மாதக் கடைசி ஸ்டாக் ஆடிட் முடிந்து, பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பை வேறொரு மெஷினில் திறந்தும் பார்த்த பிறகே செய்தோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

சர்வர் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. இரண்டு சர்வர், முன்னால் வேலையைப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸ். ஒன்றுக்குப் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தி, கையில் இருக்கும் பில்களை முடிக்க விட்டு, மாற்றி, சோதித்து, திரும்பச் சேர்த்து, பிறகு அடுத்தது. சர்வர் நிரல்களைத் தானே நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை தானாக நடக்கும். ஆனால் நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்ததும் உங்கள் நிரல் கைவேலையை முடித்துவிட்டுப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இயல்பாக அது தரும் அவகாசம் 30 விநாடிதான். நலமா என்று கேட்கும் ஹெல்த் செக், டேட்டாபேஸைத் தொட்டு ஒரு வரி படித்துவிட்டு நலம் என்று சொல்ல வேண்டும். வெறுமனே "இருக்கிறேன்" என்று சொல்லும் சர்வரை நம்பிக் கூட்டத்தை அனுப்பக் கூடாது.

இதைவிட முக்கியமானது பில் எண். சர்வர் மாறும் நேரத்தில் ஒரு பில் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கவுண்டருக்குத் தெரியாது; மறுபடி அனுப்பும். ஒவ்வொரு பில்லுக்கும் கவுண்டரிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாகி அதோடு வந்தால், இரண்டாவது முறை வந்ததை சர்வர் கண்டுபிடித்து, "இது ஏற்கெனவே இருக்கிறது, சரி" என்று பதில் சொல்லிவிடும். இது இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. ஒரே மருந்துக்கு இரண்டு பில் விழுந்தால் அந்த நோயாளி நம் தொழில்நுட்பத்தைப் பாராட்டப் போவதில்லை.

பிரவுசரும் ஒரு வில்லன். காலையில் திறந்த டேபை வாரம் முழுக்க மூடாத கவுண்டர்கள் உண்டு. புதிய வெர்ஷன் ஏறியதும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை நீக்கிவிட்டால், அந்த டேப் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது வெள்ளைத் திரைதான். பழைய கோப்புகளை ஒரு மாதமாவது வைத்திருங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது. "புதிய வெர்ஷன் வந்திருக்கிறது, ரெஃப்ரெஷ் செய்யவும்" என்ற அறிவிப்பை நடு பில்லில் காட்டாதீர்கள். பில் அச்சாகி முடிந்த அந்த நொடியில் காட்டினால் யாரும் திட்டுவதில்லை.

2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றம் இன்னொரு வகைப் பரீட்சை. 3ஆம் தேதி கவுன்சில் கூடி அறிவித்தது. 22ஆம் தேதி முதல் நடைமுறை. பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்தில் இருந்து 5-க்கு இறங்கின. சரியாக நள்ளிரவில் மாற வேண்டும், எங்கள் கவுண்டரோ நள்ளிரவில் திறந்திருக்கும். நாங்கள் அன்று நள்ளிரவில் எதையும் டெப்ளாய் செய்யவில்லை. வரி விகிதம் நிரலுக்குள் இல்லாமல், "இந்தத் தேதி முதல் இந்த விகிதம்" என்று டேபிளில் இருந்தது. புதிய வரிசைகளை ஒரு வாரம் முன்னரே ஏற்றிவைத்தாயிற்று. தேதி வந்ததும் அதுவே மாறிக்கொண்டது.

ஆனால் எந்தத் தேதி? இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. 21ஆம் தேதி இரவு 11:50-க்கு நெட் இல்லாமல் போட்ட பில் 12:30-க்கு சர்வருக்கு வந்தால், வந்த நேரத்தைப் பார்த்து 5 சதவீதம் போட்டுவிடக் கூடாது. பில் போட்ட நேரம்தான் கணக்கு. 20ஆம் தேதி வாங்கிய மருந்தை 25ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் பழைய பில்லின் விகிதத்திலேயே திருப்ப வேண்டும். பில் போட்ட நேரத்தை நம்புவதென்றால் கவுண்டர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்ப வேண்டும். போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துபோன பழைய கம்ப்யூட்டர்கள், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் ஏதோ பழைய வருடத்தில் கண்விழிக்கும். முந்தின வாரமே எல்லாக் கவுண்டர் கடிகாரத்தையும் சர்வரோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தவற்றுக்கு பேட்டரி மாற்றினோம். முப்பது நாற்பது ரூபாய் சமாச்சாரம்.

நேரம் பற்றிக் கேட்டால், நான் செவ்வாய் அல்லது புதன் மதியம் மூன்று மணி என்பேன். காலை ஓ.பி. முடிந்திருக்கும், மாலை கூட்டம் வந்திருக்காது, எல்லோரும் விழித்திருப்பார்கள், போன் போட்டால் எடுப்பார்கள். நிறுத்தாமல் மாற்ற முடியும் என்றால் பகலில் செய்ய ஏன் பயம்? ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தட்டும் கட்டளையைவிட இது எவ்வளவோ மேல். விலக்கும் உண்டு. மண்டைக்காடு கொடை நாட்களில் குளச்சல் கிளையைத் தொடுவதில்லை, கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும்வரை நாகர்கோவில் கிளையைத் தொடுவதில்லை, ஓணத்துக்கு முந்தின வாரம் எல்லைப் பக்கக் கிளைகளைத் தொடுவதில்லை, மாதக் கடைசியில் எதையும் தொடுவதில்லை. இது நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது.

சுவிட்சுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்தபின் அவற்றை எடுத்துவிட வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்றில் மட்டும் ஏறவில்லை. புதிய வசதிக்குப் பழைய ஃபிளாக் ஒன்றையே திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஒரு சர்வரில் அதே ஃபிளாக், என்றோ கைவிட்ட பழைய நிரலை எழுப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போயிற்று. எங்களிடம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் போடும்போதே எடுக்கும் தேதியும் எழுதியாக வேண்டும். தேதி தாண்டினால் தினமும் காலையில் அதைப் போட்டவர் பெயரோடு குழுவுக்கு ஒரு செய்தி போகும். பெயரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு வேண்டாம். இரட்டை எழுத்து, ஒப்பீடு, கிளை கிளையாகத் திறப்பது என்றால், ஒரு வார வேலை ஒரு மாதம் இழுக்கும். நோயாளி முன்னால் நிற்கும் கவுண்டருக்கு அது நியாயம். தலைமை அலுவலகத்தில் நாலு பேர் மட்டும் பார்க்கும் சம்பளக் கணக்குக்கு நியாயமே இல்லை. போன மாதம் அதை மாற்ற வேண்டியிருந்தது. "மூணரைக்கு டீ குடிக்கப் போவியள்ல, கொஞ்சம் சேர்த்துக் குடிச்சிட்டு வாருங்க" என்று அக்கவுண்டன்ட் அண்ணனிடம் சொல்லி, நிறுத்தி, மாற்றி, ஏற்றிவிட்டோம்.